துடைத்த ஓரங்கள்

அலுவலகத்தில் அவளை எல்லாரும் பளிச்சக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். முகத்தைப் பார்த்து வைத்த பெயர் இல்லை அது. தன் முகத்தைப் பற்றி அவளே பெரிதாக எண்ணிக்கொண்டதில்லை. அவள் கை பட்ட புத்தகப் பக்கம் பளிச்சென்று இருக்கும், அதனால் வந்த பெயர். கூட வேலை செய்கிற பைண்டர் ஒரு நாள் விளையாட்டாகச் சொன்னது அப்படியே ஒட்டிக்கொண்டது. மேலதிகாரிகூட ஒரு கூட்டத்தில் வாய் தவறிப் பளிச்சக்கா என்று சொல்லிவிட்டு அசடு வழிந்திருக்கிறார். அவளுக்கு உள்ளூரச் சந்தோஷம்தான், வெளியே காட்டிக்கொள்ளவில்லை.

வேலை நூலகத்தில். எழுபது வருஷத்துக் கட்டடம், மாடியில் பதினோராயிரம் புத்தகம். ஒரு மழைக்காலத்தில் உத்திரம் விரிசல் விட்டது. வந்து பார்த்த பொறியாளர், மாடியில் இந்தப் பாரத்தை வைத்துக்கொண்டு கீழே ஒருவரும் உட்காரக் கூடாது என்று சொல்லிவிட்டுப் போனார். புதுக் கட்டடத்துக்கு வழி இல்லை. நிர்வாகம் கூடிப் பேசி ஒரு முடிவுக்கு வந்தது: எல்லாப் புத்தகத்தையும் படமெடுத்து இணையத்தில் ஏற்றிவிடுவது, யார் வேண்டுமானாலும் எங்கிருந்து வேண்டுமானாலும் இலவசமாகப் படிக்கலாம், படமெடுத்த காகிதத்தைக் கழிவுக்குப் போட்டுவிடுவது. முதல் பாதியைக் கேட்டு எல்லாரும் கைதட்டினார்கள். இரண்டாம் பாதியை யாரும் சரியாகக் கேட்டதாகத் தெரியவில்லை. கேட்டிருந்தாலும் விரிசல் விட்ட உத்திரத்திடம் யார் வாதாட முடியும்?

மேலே மாடி இல்லாத பின்கட்டு அறையில் நான்கு மேஜை. முதல் மேஜையில் பைண்டர். வாழ்க்கை முழுக்கப் புத்தகங்களைத் தைத்துக்கொண்டிருந்த மனிதரை அவற்றின் முதுகை வெட்டுகிற வேலைக்குப் போட்டிருந்தார்கள். வெட்டு இயந்திரத்தின் நீளக் கைப்பிடியை அவர் இறக்கும்போது ஒவ்வொரு முறையும் கண்ணை மூடிக்கொள்வார். விரலைப் பார்த்து வெட்டுங்கள் என்று யாராவது சொன்னால், "விரலுக்குக் கண்ணு இருக்கு" என்று பதில் வரும். முதுகு போன புத்தகம் உதிரித் தாள்களாக ஸ்கேனருக்குப் போகும். படங்கள் கம்ப்யூட்டரில் அவள் மேஜைக்கு வரும்.

சாய்ந்த பக்கத்தை நிமிர்த்துவது, ஓரத்தை நறுக்குவது, கறை, பூச்சி அரித்த ஓட்டையின் நிழல், எவரோ அடிக்கோடு போட்டது, பேனா கசிந்தது எல்லாவற்றையும் எடுப்பது, இதுதான் அவள் வேலை. சுவரில் விதி எழுதி ஒட்டியிருந்தது: அச்சான எழுத்தைத் தவிர பக்கத்தில் வேறெதுவும் இருக்கக் கூடாது. தூசியை மென்பொருளே எடுத்துவிடும். பென்சில் கோடு அப்படி இல்லை, எழுத்தோடு ஒட்டிக்கொண்டிருக்கும், கையால்தான் எடுக்க வேண்டும். மற்றவர்கள் லேசாக மங்கவைத்துவிட்டு அடுத்ததற்குப் போய்விடுவார்கள். இவள் படத்தை நாலு மடங்கு பெரிதாக்கி, ஒவ்வொரு புள்ளியாகத் துடைப்பாள்.

"அக்கா, விட்டா அச்சு மையையும் சேர்த்துத் துடைச்சிடுவீங்க போல" என்பார் பைண்டர்.

"வெட்டுற வேலையைப் பாருங்க" என்பாள்.

அவள் முடித்த புத்தகத்தை மேலதிகாரி ஒரு முறை புரட்டிப் பார்த்து ஒப்புதல் கொடுப்பார். ஒப்புதல் விழுந்ததும் துடைப்பதற்கு முந்தைய மூலப் படம் அழிந்துவிடும், கம்ப்யூட்டரில் இடம் இல்லை. தாள்கள் சாக்கில் கட்டிக் காகித ஆலைக்குப் போய்விடும். மிஞ்சுவது பளிச்சென்ற பக்கம் ஒன்றுதான். கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில் ஒரு வரி வரும்: பக்கச் சீரமைப்பு, அதற்குப் பக்கத்தில் அவள் பெயர். அந்த வரியை அவள் தன் மகளுக்கு ஒரு முறை போனில் அனுப்பியிருக்கிறாள்.

சேர்ந்த மூன்றாவது மாதம் ஒரு கடற்பயணப் புத்தகம் வந்தது. நாற்பதாம் பக்கத்து ஓரத்தில் பென்சில் எழுத்து. எறும்பளவுதான், ஆனால் ஒவ்வொன்றும் தனித்தனியாக, நிமிர்ந்து, யாருக்கும் அடங்காத மாதிரி நின்றது. படத்தைப் பெரிதாக்க வேண்டிய தேவையே இருக்கவில்லை.

அது அவள் அண்ணனுடைய கையெழுத்து.

அண்ணன் ஒரு அச்சகத்தில் முப்பத்து மூன்று வருஷம் புரூஃப் பார்த்தவர். சோற்றில் கல் கிடந்தால் ஒதுக்கிவிட்டுச் சாப்பிடுவார். அச்சில் ஒரு எழுத்து இடம் மாறியிருந்தால் அன்றைக்கு அவருக்குச் சோறே இறங்காது. பஸ்ஸில் ஒட்டிய அறிவிப்பு, மருந்துச் சீசாவின் மேல் காகிதம், யார் வீட்டு அழைப்பிதழ் என்று எதையும் விட்டுவைக்கமாட்டார். காதில் எப்போதும் ஒரு துண்டுப் பென்சில் இருக்கும். வேலை முடிந்ததும் இந்த நூலகத்துக்கு வந்து ஒரு புத்தகத்தை எடுத்துப் போவார், ஓரமெல்லாம் திருத்திக் கொண்டுவந்து வைப்பார். நூலகர் இரண்டு முறை எச்சரித்தாராம். மூன்றாம் முறை அவரே ஒரு புத்தகத்தைத் திறந்து பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் முத்திரை குத்திக் கொடுத்தாராம். கால் நடக்க விடாமல் வீட்டோடு முடங்கும்வரை வந்துகொண்டிருந்தார். அவர் வருவது நின்ற அடுத்த வருஷம்தான் இவள் வேலைக்குச் சேர்ந்தாள், அதனால் இங்கே இருவரும் பார்த்துக்கொள்ளவில்லை.

பார்த்திருந்தாலும் பேசியிருக்க மாட்டார்கள். அதற்குக் காரணம் ஒரு கடிதம்.

கல்யாணமாகி மூன்றாவது மாதம் அவள் அண்ணனுக்கு எழுதிய கடிதம் அது. ஒரே தாள், இரண்டு பக்கமும் எழுதியிருந்தாள். புகுந்த வீட்டில் எத்தனை அறை, யார் யார் இருக்கிறார்கள், கிணறு ஆழம், மாமியாருக்கு முழங்கால் வலி, இப்படி. நடுவில் ஒரு வரி: நான் இங்கே சௌக்கியமாக இருக்கிறேன், என்னைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். பத்து நாள் கழித்து பதில் வந்தது. உறையைப் பிரித்தது கணவர், கூடத்தில், எல்லாரும் உட்கார்ந்திருக்கும்போது. உள்ளே பதில் கடிதம் இல்லை. அவள் எழுதின அதே தாள் திரும்பி வந்திருந்தது, இருபத்து மூன்று இடத்தில் திருத்தப்பட்டு. ஓரமெல்லாம் பென்சில். சௌக்கியம் என்ற வரியைச் சுற்றி ஒரு வட்டம் போட்டு, பக்கத்தில் ஒரு கேள்விக்குறி.

கணவர் அதை உரக்கப் படித்தார். திருத்தத்தோடு படித்தார். மாமியார் முழங்கால் வலியையும் மறந்து சிரித்தார். "உங்க அண்ணன் என்ன, பள்ளிக்கூட வாத்தியாரா? எத்தனை மார்க் போட்டிருக்காரு?" அன்றிலிருந்து அந்த வீட்டில் அவள் வாயைத் திறந்தாலே, சரியாகச் சொல்லு, அண்ணன் திருத்திடுவாரு என்று ஆரம்பித்துவிடுவார்கள். மற்றதைக்கூட அவள் பொறுத்துக்கொண்டிருப்பாள். அந்த வட்டம்தான் தாங்கவில்லை. நான் நன்றாக இருப்பதில்கூட இவருக்கு ஒரு குற்றமா என்று சமையலறையில் உட்கார்ந்து அழுதாள். அவள் நன்றாக இருக்கவில்லை என்பது வேறு விஷயம். பதினோரு வருஷம் கழித்து மகளையும் ஒரு பெட்டியையும் மட்டும் எடுத்துக்கொண்டு அந்த வீட்டிலிருந்து வந்தாள். அப்போதும் அண்ணனிடம் போகவில்லை. இருபத்தோரு வருஷத்தில் அவரோடு நேருக்கு நேர் பேசியது அம்மா இறந்த அன்றைக்கு மட்டும்தான், அதுவும் வண்டி எத்தனை மணிக்கு வரும் என்கிற அளவில்.

இப்போது அந்தக் கையெழுத்து அவள் கைக்குள் வந்து மாட்டிக்கொண்டது. விதி சுவரில் இருக்கிறது, சம்பளம் கொடுத்துத் துடைக்கச் சொல்கிறார்கள். வேறென்ன வேண்டும்? கடற்பயணத்தின் நாற்பதாம் பக்கத்தை அன்று ஒரு மணி நேரம் துடைத்தாள். முதலில் கேள்விக்குறிகளை, பிறகு வட்டங்களை, பிறகு மற்றதை. எந்த வார்த்தை என்று படிக்கக்கூட இல்லை. சாயங்காலம் வீட்டுக்குப் போகும்போது உடம்பு லேசாக இருந்தது என்பதை மறைத்துச் சொல்வதில் பயனில்லை.

அதற்கப்புறம் ஓரத்தில் அவர் பென்சில் பட்ட புத்தகம் எது வந்தாலும் தன் மேஜைக்கு வாங்கிக்கொண்டாள். ஆறு வருஷத்தில் நானூறுக்கு மேல் வந்தது. இந்தப் புத்தகங்களில் பென்சில் அதிகம், நான் பார்த்துக்கொள்கிறேன் என்பாள். மற்றவர்களுக்கு அது பெரிய உபகாரமாகப் பட்டது. ஒரு சிறுகதைத் தொகுப்பில் எண்பத்தாறாம் பக்கத்தின் கீழே ஒரு முழுப் பத்தியே பென்சிலில் எழுதியிருந்தது, ஏழு வரி. அதை எடுக்க ஒரு மத்தியானம் பிடித்தது. வீண் வேலை வைக்கிறாரே என்று அலுத்துக்கொண்டே எடுத்தாள்.

இணையத்தில் ஏற்றியதெல்லாம் நன்றாகத்தான் ஓடியது. நாள் முழுக்க எங்கிருந்தெல்லாமோ ஆட்கள் படித்தார்கள். கண் சரியாகத் தெரியாத ஒருவர், எழுத்தைப் பெரிதாக்கிப் படிக்க முடிவதால் நாற்பது வருஷத்துக்குப் பிறகு ஒரு நாவலை முடித்தேன் என்று எழுதியிருந்தார். கப்பலில் வேலை செய்கிறவர் ஒருவர், தரையைப் பார்க்காத மாதங்களில் இதுதான் துணை என்றார். வாசகர் எழுதுவதெல்லாம் அவள் மேஜைக்குத்தான் வரும். அவற்றில் ஒன்று அந்தச் சிறுகதைத் தொகுப்பைப் பற்றியது. ஒரு பெண் எழுதியிருந்தாள்: எண்பத்தாறாம் பக்கத்தில் அந்த அம்மாள் ஆற்றுக்கு இந்தப் பக்கம் நிற்கிறாள், அடுத்த பக்கத்தில் அந்தப் பக்கம் வீட்டில் இருக்கிறாள், எப்படி ஆற்றைக் கடந்தாள், பக்கம் ஏதும் விட்டுப்போயிருக்கிறதா?

படித்ததும் அவளுக்கு அந்த ஏழு வரி ஞாபகம் வந்தது. அச்சில் விட்டுப்போன பத்தியை வேறு பதிப்பிலிருந்து பார்த்து அண்ணன் எழுதிவைத்திருக்கிறார் என்று அப்போதுதான் புரிந்தது. அந்த அம்மாள் ஆற்றைக் கடந்த விதம் அந்த ஏழு வரியில் இருந்தது. அவள் படிக்கவே இல்லையே. வழக்கமான பதிலை அனுப்பினாள்: அச்சுப் பிரதியில் உள்ளபடியே வெளியிடப்பட்டுள்ளது. பொய் இல்லை அது. அதுதான் கொடுமை.

அடுத்த வாரம் அண்ணன் இறந்துவிட்டார் என்று அண்ணி போன் பண்ணினாள்.

போனாள், நின்றாள், ஓரமாக உட்கார்ந்தாள், வந்துவிட்டாள். அழுகை வரவில்லை. மூன்று வாரம் கழித்து ஞாயிற்றுக்கிழமை அண்ணியைப் பார்க்க மறுபடி போனாள். அண்ணியும் அதே அச்சகத்தில் அச்சுக் கோத்தவள், அங்கேதான் இருவருக்கும் பழக்கமாகிக் கல்யாணமானது. ஜன்னலோரம் அவர் படுத்திருந்த கட்டில் அப்படியே இருந்தது. தலைமாட்டில் ஒரு தகர டப்பா நிறையத் துண்டுப் பென்சில்கள்.

"கடைசி ரெண்டு வருஷம் இந்தக் கட்டில்தான்" என்றாள் அண்ணி. "எந்திரிக்க முடியல. போன்ல உங்க நூலகத்துப் புத்தகத்தைத்தான் படிச்சுக்கிட்டே இருப்பாரு. எல்லாம் அவரு ஏற்கனவே படிச்சதுதான், மறுபடியும் மறுபடியும். ஒரு நாள் என்னைக் கூப்பிட்டுக் கடைசிப் பக்கத்தைக் காட்டுனாரு. உன் பேரு போட்டிருந்துச்சு."

"என்ன சொன்னாரு?"

"'என் தங்கச்சி வேலை. ஒரு புள்ளி விடல. நானும் ரெண்டு வருஷமாத் தேடிப் பாக்குறேன், ஒரு குறை கண்டுபிடிக்க முடியல'ன்னாரு. அவரு வாயால அப்படி யாரையும் சொல்லி நான் கேட்டதில்ல. என்னைச் சொன்னதில்ல."

தன் எழுத்து இருந்த பக்கம் எது என்று அவருக்குத் தெரியாதா? ஒவ்வொரு ஓரமாகப் போய்ப் பார்த்திருப்பார். எதுவும் இல்லை என்று பார்த்திருப்பார். பார்த்துவிட்டு மனைவியிடம் நல்ல வேலை என்று மட்டும் சொல்லியிருக்கிறார். கட்டிலைப் பார்க்க அவளுக்குக் கண் கூசியது.

"எனக்கு ஒண்ணே ஒண்ணு வேணும்" என்றாள் அண்ணி. "அவரு எழுதினது இந்த வீட்டுல ஒரு துண்டுகூட இல்ல. டைரி கிடையாது. மளிகைச் சீட்டுகூட நான்தான் எழுதுவேன். அச்சகத்துக் காகிதம் அச்சகத்தோட போச்சு. எழுதினதெல்லாம் உங்க புத்தகத்துலதான். கம்ப்யூட்டர்ல இருக்கும்ல, அதுல ஒரு பக்கம் எடுத்துக் குடேன். எந்தப் பக்கமானாலும் சரி. பாக்கணும் எனக்கு, அவ்வளவுதான்."

"பாக்குறேன் அண்ணி" என்று சொல்லிவிட்டு வந்தாள். அந்த நேரத்தில் உண்மையைச் சொல்ல நாக்கு எழவில்லை.

மறுநாள் முதல் தேட ஆரம்பித்தாள். மாடியில் மிச்சமிருந்த புத்தகங்களைப் புரட்டினாள், அவர் பென்சில் பட்டது ஒன்றும் பாக்கி இல்லை. மூலப் படங்களுக்கு வேறு பிரதி ஏதாவது இருக்கிறதா என்று மேலதிகாரியிடம் கேட்டாள். "நீங்கதானம்மா பழைய படம் இடத்தை அடைக்குதுன்னு கேட்டு அழிக்க வெச்சீங்க" என்றார். உண்மைதான். பைண்டரிடம் கேட்டாள். சாக்கெல்லாம் ஆலைக்குப் போய்க் கூழாகி வருஷக்கணக்காகிறது. ஆனால் வெட்டிய முதுகுகளைத் தூக்கிப்போட மனசில்லாமல் அவர் இரண்டு சாக்கில் கட்டி மூலையில் வைத்திருந்தார்.

"எதுக்கு வெச்சிருக்கீங்க இதை?"

"தெச்ச நூல் அதுலதான இருக்கு" என்றார் பைண்டர்.

தரையில் சாக்கைக் கொட்டி, ஒரு விரல் அகலப் பட்டைகளாகக் கிடந்த முதுகுகளை ஒன்றொன்றாகப் பிரித்துப் பார்த்தாள். தும்மல் விடவில்லை. பைண்டரும் பக்கத்தில் உட்கார்ந்து பிரித்தார், எதைத் தேடுகிறோம் என்று கேட்கவில்லை. அவற்றிலெல்லாம் இருந்தது உள் ஓரம். அண்ணன் உள் ஓரத்தில் எழுதமாட்டார். புரூஃப் பார்க்கிறவர்கள் வெளி ஓரத்தில்தான் எழுதுவார்கள், அச்சுக் கோப்பவர் கண்ணுக்குப் பளிச்சென்று தெரிய வேண்டும் என்று. இரண்டு சாக்கும் முடிந்தது, ஒரு கோடுகூட இல்லை.

பிறகு தன் பக்கங்களையே திறந்தாள். நானூறு புத்தகம். சாப்பாட்டு நேரத்திலும் வேலை முடிந்த பிறகும் எட்டு மடங்கு பெரிதாக்கி ஓரம் ஓரமாகப் போனாள். ஒரு கொம்பு, ஒரு கால், ஒரு சுழி, எங்காவது ஒன்றை விட்டிருக்கமாட்டோமா? தன் வேலையில் ஒரு குறை இருக்க வேண்டுமே என்று அவள் வேண்டிக்கொண்டது வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. வெள்ளை, வெள்ளை, வெறும் வெள்ளை. சனியன் பிடித்த கை என்று தன் வலது கையைத் தானே திட்டினாள்.

அண்ணி வாரம் ஒரு தடவை போன் பண்ணுவாள். "கிடைச்சுதாம்மா?" கோபமே இருக்காது குரலில். "தேடிட்டு இருக்கேன் அண்ணி" என்பாள் இவள். இரண்டு மாதம் இப்படியே ஓடியது. ஒரு நாள் ஒரு கெட்ட எண்ணமும் வந்தது. அந்தக் கையெழுத்தை இத்தனை நாள் இவ்வளவு பக்கத்தில் பார்த்தவள் அவளைப் போல் வேறு யார்? ஒரு பக்கத்தில் நாமே எழுதிக் கொடுத்துவிட்டால் அண்ணிக்குத் தெரியவா போகிறது? ஒரு பழைய தாளில் இரண்டு வரி எழுதியும் பார்த்தாள். அசல் மாதிரியே வந்தது. பார்க்கப் பார்க்க உடம்பு கூசியது. கிழித்துப் பையில் போட்டுக்கொண்டு போய் வீட்டுக் குப்பையில் போட்டாள்.

அன்றைக்குத்தான் பீரோவின் அடித்தட்டிலிருந்து சான்றிதழ்க் கோப்பை எடுத்தாள். அந்தக் கடிதத்தை அன்றே கிழித்துப் போட்டேன் என்று மகளிடம்கூடச் சொல்லியிருக்கிறாள். கிழிக்கவில்லை. ஏன் கிழிக்கவில்லை என்று கேட்டால் அவளுக்குச் சொல்லத் தெரியாது. மடிப்பில் நைந்து, கணவர் காப்பிக் கோப்பை வைத்த வளையக் கறையோடு, இருபத்தேழு வருஷமாகப் பிரித்துப் படிக்காமல் அந்தக் கோப்பிலேயே இருந்தது. உலகத்தில் அண்ணனின் கையெழுத்து மிஞ்சியிருந்தது அந்த ஒரு தாளில்தான்.

ஞாயிற்றுக்கிழமை அண்ணி வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னாள். சுற்றிவளைக்கவில்லை. "எல்லாத்தையும் நான்தான் துடைச்சேன் அண்ணி. ஒண்ணு பாக்கியில்ல."

"வேலைன்னா செஞ்சுதான ஆகணும்" என்றாள் அண்ணி.

"அவரு எழுத்துன்னு தெரிஞ்சே துடைச்சேன்."

அண்ணி அவளையே பார்த்தாள். "தெரிஞ்சேவா?"

"தெரிஞ்சேதான்."

அண்ணி எழுந்து உள்ளே போய்விட்டாள். குழாயில் தண்ணீர் விழும் சத்தம் வெகுநேரம் கேட்டது. எழுந்து போய்விடலாமா என்று இவள் நினைத்தாள், போகவில்லை. அண்ணி திரும்பி வந்து ஈரக் கையோடு எதிரே உட்கார்ந்தாள். திட்டுவாள் என்று இவள் காத்திருந்தாள், திட்டவில்லை. திட்டியிருந்தால் கொஞ்சம் பரவாயில்லாமல் இருந்திருக்கும்.

"இது ஒண்ணு இருக்கு" என்று கடிதத்தை நீட்டினாள். "நான் அவருக்கு எழுதினது. திருத்தி அனுப்பிச்சாரு. இதுக்காகத்தான் நான் பேசாம போனது."

அண்ணி கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டாள். எழுத்தைப் பார்த்ததும் தாளை ஜன்னல் வெளிச்சத்துக்குத் திருப்பினாள். பிறகு அச்சுக் கோப்பவளின் விரல் தானாக ஓரத்தில் இறங்க ஆரம்பித்தது, ஒவ்வொரு குறியாக நின்று நின்று. "இங்க பாரு, ஒரு கமாவைக்கூட விடல மனுஷன்" என்று சிரித்தாள். கண்ணில் தண்ணீர் இருந்தது. விரல் அந்த வட்டத்துக்கு வந்து நின்றது. வரியைப் படித்தாள். இன்னொரு தடவை படித்தாள்.

"இதுக்கு நீ என்ன பதில் எழுதின?"

"எதுக்கு அண்ணி?"

"இதுக்குத்தான். வட்டம் போட்டுக் கேட்டிருக்காரே."

"தப்புன்னு போட்டதுதானே அது?"

"தப்புன்னா அடிச்சுட்டு ஓரத்துல சரியானதை எழுதுவாங்க. மத்த இடத்துல எல்லாம் அப்படித்தான செஞ்சிருக்காரு. வட்டம் போட்டுக் கேள்விக்குறி போட்டா, எழுதினவங்களைக் கேக்குறாங்கன்னு அர்த்தம். இது சரிதானா, நீங்களே சொல்லுங்கன்னு. அவங்க பக்கத்துலயே பதில் எழுதி புரூஃபைத் திருப்பி அனுப்பணும். எங்க அச்சகத்துல எல்லாருக்கும் தெரியும் இது."

அவள் குனிந்து அந்த வரியை மறுபடி படித்தாள். நான் இங்கே சௌக்கியமாக இருக்கிறேன். அதைத்தான் கேட்டிருக்கிறார், சரிதானா என்று. கூடத்தில் அத்தனை பேர் சிரித்தபோது அந்தத் தாளில் ஒரே ஒரு ஆள் அவளை நம்பாமல் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார்.

"அந்த வருஷம் பூரா தபால்காரர் வர்ற நேரத்துக்கு வாசல்ல நிப்பாரு" என்றாள் அண்ணி. "என்னன்னு கேட்டா, 'ஒரு புரூஃப் போயிருக்கு, திரும்பி வரல'ம்பாரு. ஏதோ புத்தகம்னு நினைச்சேன் நான்."

"நேர்ல வந்து ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே அண்ணி. பஸ்ல நாலு மணி நேரம்தானே."

"கேட்டிருக்கலாம். கேட்டிருக்கணும்." அண்ணி கடிதத்தை மடியில் வைத்து நீவினாள். "எழுதினவங்க பதில் வராம கை வைக்கக் கூடாதுன்னு ஒரு பிடிவாதம் அவருக்கு. தொழில்ல அது நல்லதுதான். வீட்டுலயும் அப்படியே இருந்துட்டாரு."

எத்தனை வட்டங்களைத் துடைத்திருப்பாள் இந்த ஆறு வருஷத்தில். முதலில் கண்ணில் படுவது அவைதான், முதலில் எடுத்ததும் அவைதான். குற்றம் என்று நினைத்துத் துடைத்ததெல்லாம் கேள்வி. செத்துப்போன எழுத்தாளர்களிடம்கூட இது சரிதானா என்று கேட்டுவிட்டுத் தள்ளி நின்றிருக்கிறார் மனிதர். தங்கையிடமும் அப்படியே நின்றுவிட்டார். சாவு வீட்டில் வராத அழுகை இப்போது வந்தது. அண்ணி அவள் தோளைத் தொடவில்லை, எழுந்தும் போகவில்லை.

அழுகை அடங்கியதும் அண்ணி சொன்னாள்: "இதைப் போன்ல படமெடுத்து நீ ஒண்ணு வெச்சுக்கோ. இது என்கிட்ட இருக்கட்டும்." கடிதத்தை அவளிடம் நீட்டி, "துடைக்காம எடு" என்றாள்.

"சரி அண்ணி." மூக்கை உறிஞ்சிக்கொண்டு கேட்டாள்: "ஒரு பென்சில் குடுக்குறீங்களா?"

அண்ணி தகர டப்பாவை எடுத்து வந்து திறந்தாள். எல்லாம் விரலளவுத் துண்டுகள், எல்லாம் கூராகச் சீவியிருந்தது. இவள் ஒன்றை எடுத்துக் கடிதத்தை முழங்காலில் வைத்துக்கொண்டு, வெளி ஓரத்தில், கேள்விக்குறிக்குப் பக்கத்தில், அண்ணி எளிதாகப் படிக்கிற மாதிரி நிறுத்தி எழுதினாள்: இல்லை அண்ணா, நான் அங்கே நன்றாக இல்லை. பிறகு கடிதத்தைப் பழைய மடிப்பிலேயே மடித்து யாரிடம் கொடுப்பது என்று தெரியாதவள்போல் ஒரு கணம் ஜன்னலோரக் கட்டிலைப் பார்த்துவிட்டு, அண்ணியிடம் கொடுத்தாள்.